துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியல் யார் கையில்? அமெரிக்கச் சட்டமும் தனியுரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், யார் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதோடு, அவர் வைத்திருப்பது யாருக்கெல்லாம் தெரியலாம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. இந்த இரண்டாவது கேள்விக்கே கீழே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். அரசு ஒரு தகவலைத் திரட்டுவது வேறு. திரட்டியதை அண்டை வீட்டார் முதல் விளம்பர நிறுவனம் வரை எவரும் பார்க்க முடிவது வேறு. வாதிடும் இரு தரப்பினரும் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான சச்சரவுகளுக்குக் காரணம் என்பது என் கருத்து.

நாட்டில் துப்பாக்கி வைத்திருப்போர் அனைவரின் பெயரும் அடங்கிய தேசியப் பதிவேடு உண்டா?

இல்லை. அப்படியொன்றை உருவாக்குவதையே சட்டம் தடுத்திருக்கிறது. 1986-இல் நிறைவேறிய துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வியாபாரிகள் வைத்திருக்கும் விற்பனை ஆவணங்களை அரசுக்குச் சொந்தமான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று மத்திய அரசு புதிய விதி எதையும் இயற்ற முடியாது. துப்பாக்கிகள், அவற்றின் உரிமையாளர்கள், விற்பனைகள் ஆகிய எவற்றுக்கும் பதிவுமுறை ஒன்றை விதிகளின் வழியாக நிறுவவும் முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இயந்திரத் துப்பாக்கி, குட்டைக் குழல் துப்பாக்கி, ஒலியடக்கி போன்றவை 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் உரிமையாளரின் பெயரோடு மத்திய அரசிடம் பதிவாகின்றன. அந்தப் பதிவேட்டுக்குச் சுவையான வரலாறு ஒன்று இருக்கிறது. பதிவு செய்யாத துப்பாக்கியை வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்ட ஹேன்ஸ் என்பவரின் வழக்கில், பதிவு செய்யச் சொல்வதே தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளச் சொல்வதாகும் என்ற வாதத்தை 1968-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பதிவுக்காக ஒருவர் தந்த தகவலை, அதற்கு முன்போ அதே வேளையிலோ நடந்த குற்றத்துக்கான வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு அப்போது வந்ததுதான். பதிவேடு இருந்தாலே தனியுரிமை போய்விடும் என்று சொல்வோர் இந்தத் திருத்தத்தை ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

கடையில் வாங்குபவர் என்னென்ன தகவல்களைத் தருகிறார்? அவை எங்கே போகின்றன?

உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்குபவர் 4473 என்ற எண் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர், வீட்டு முகவரி, பிறந்த ஊர், பிறந்த தேதி, உயரம், எடை, இனம் ஆகியவற்றை அது கேட்கிறது. சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தருவது மட்டும் அவரவர் விருப்பம். அதன் பிறகு ஆம், இல்லை என்று குறிக்க வேண்டிய கேள்விகள் வருகின்றன. இந்தத் துப்பாக்கியை உண்மையில் உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா, கடுங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருக்கிறீர்களா, குடும்ப வன்முறைக் குற்றம் உங்கள் மீது நிரூபணமாகியிருக்கிறதா, மனநலக் காரணத்துக்காக நீதிமன்ற ஆணையின்படி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறீர்களா, சட்டத்துக்குப் புறம்பாகப் போதைப்பொருள் பயன்படுத்துகிறீர்களா என்று அவை நீள்கின்றன. உங்கள் மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் மத்திய சட்டப்படி அது குற்றமே என்ற எச்சரிக்கையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கிறது.

நிரப்பிய படிவம் வியாபாரியிடமே தங்கிவிடுகிறது. எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிப் பின்னணிச் சோதனை அமைப்புக்கு, வாங்குபவரின் அடையாள விவரங்களும் அவர் வாங்குவது கைத்துப்பாக்கியா நீள்துப்பாக்கியா என்ற வகைக் குறிப்பும் மட்டுமே செல்கின்றன. தயாரிப்பாளரின் பெயரும் துப்பாக்கியின் வரிசை எண்ணும் செல்வதில்லை. 1993-ஆம் ஆண்டின் பிரேடி சட்டத்தின்படி உருவான இந்த அமைப்பு, 1998 நவம்பரில் செயல்படத் தொடங்கியது. விற்கலாம் என்ற பதில் வந்துவிட்டால், வாங்குபவரை அடையாளம் காட்டும் விவரங்களை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். சோதனையின் எண்ணும் தேதியும் மட்டுமே மிஞ்சும். மறுக்கப்பட்டவர்களின் விவரங்கள் அழிக்கப்படுவதில்லை. 2022-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அவை உள்ளூர்க் காவல்துறைக்கும் தெரிவிக்கப்பட வேண்டும்.

ஒரே ஆள் ஐந்து வேலை நாட்களுக்குள் ஒரே வியாபாரியிடம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளை வாங்கினால், வியாபாரி அதை அரசுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகல் உள்ளூர்க் காவல்துறைக்கும் போகிறது. ஆனால் வாங்கியவர் தடை செய்யப்பட்டவர் அல்லர் என்றால், அந்த நகலைக் காவல்துறை 20 நாட்களுக்குள் அழித்தாக வேண்டும்.

அழிப்பதால் யாருக்கு என்ன இழப்பு?

விற்பனைக்கு அனுமதி கொடுத்த பிறகு, அந்த ஆளுக்கு அனுமதி கொடுத்திருக்கக் கூடாது என்று தெரியவரும் நேர்வுகள் உண்டு. பதிவுகளை 90 நாட்கள் வரை வைத்திருக்க முடிந்த காலத்தில், இத்தகைய தவறுகளைக் கண்டறிந்து துப்பாக்கியைத் திரும்பப் பெறும் நடவடிக்கைகள் ஆறு மாதத்தில் 235 தொடங்கப்பட்டதாக நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2002-இல் அறிக்கை தந்தது. மறுநாளே அழித்துவிடும் முறை இருந்திருந்தால் அவற்றில் 228 நடவடிக்கைகளைத் தொடங்கியிருக்கவே முடியாது என்றும் அது சொன்னது. இந்த எண்கள் கையில் இருந்தும் நாடாளுமன்றம் 24 மணி நேரக் கெடுவைத் தேர்ந்தெடுத்தது. அரசின் பட்டியல் மீதான அச்சம் அங்கே எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பதிவேடு இல்லையென்றால், குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தொலைபேசியிலும் தாளிலும்தான். இந்தப் பணியைச் செய்வது ஏ.டி.எஃப். எனப்படும் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் பணியகத்தின் தடமறியும் மையம்; அது மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. காவல்துறை அனுப்பும் வரிசை எண்ணை வைத்து மையத்தின் ஊழியர் முதலில் தயாரிப்பாளரைத் தொடர்புகொள்கிறார். தயாரிப்பாளர் மொத்த வியாபாரியைச் சொல்கிறார். மொத்த வியாபாரி கடைக்காரரைச் சொல்கிறார். கடைக்காரர் தன் பேரேட்டைப் புரட்டி, 4473 படிவத்தில் உள்ள பெயரைச் சொல்கிறார். அத்தோடு தடம் முடிந்துவிடுகிறது. முதலில் கடையில் வாங்கியவரின் பெயர்தான் இப்படிக் கிடைக்குமே தவிர, அவரிடமிருந்து அது எத்தனை கை மாறியது என்பது இதில் தெரியாது.

கடை மூடப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் விசித்திரமானது. வியாபாரத்தை விடுபவர் தன் ஆவணங்கள் அனைத்தையும் மார்ட்டின்ஸ்பர்க்குக்கு அனுப்ப வேண்டும். பெட்டி பெட்டியாக வந்து சேரும் அந்தத் தாள்கள் கட்டடத்தில் இடம் போதாமல் வாகன நிறுத்தத்தில் நின்ற சரக்குக் கொள்கலன்களிலும் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை மின்வருடிப் படங்களாகச் சேமிக்கிறார்கள். ஆனால் ஒரு பெயரைத் தட்டச்சு செய்து தேடும் வசதி கூடாது. அப்படித் தேட முடிந்தால் அது பதிவேடாகிவிடும். எனவே ஊழியர் திரையில் பக்கம் பக்கமாகத் தள்ளிக் கண்ணால் பார்த்துத் தேடுகிறார். அவசரக் கொலை வழக்கென்றால் ஒரு நாளுக்குள் முடித்துத் தர முயல்கிறார்கள். மற்றவை நாட்கணக்கில் காத்திருக்கின்றன.

தனியுரிமையைக் காக்கும் வழி இதுதானா என்று கேட்டால், எனக்கு ஐயம் இருக்கிறது. தகவல் ஏற்கெனவே அரசின் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. யார் தேடினார், எந்த வழக்குக்காகத் தேடினார் என்று பதிவாகும் கணினியும், மீறுவோருக்குத் தண்டனையும் இருந்தால் உரிமையாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறைந்துவிடாது. இப்போதைய ஏற்பாடு தேடுவதைக் கடினமாக்குகிறது. யார் தேடலாம் என்பதை அதனால் முறைப்படுத்த முடிவதில்லை.

தடமறியும் விவரங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா?

முடியாது. கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் டாட் டியாட் கொண்டுவந்த திருத்தம் 2003 முதல் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் இடம்பெற்று வந்திருக்கிறது. அதன்படி இந்த விவரங்கள் குற்ற விசாரணை நடத்தும் அமைப்புகளுக்கே கிடைக்கும். துப்பாக்கித் தொழிலின் மீது வழக்குத் தொடுத்த நகராட்சிகளுக்கு இது பெரிய தடையாக அமைந்தது. உரிமையாளரின் பெயரை மறைப்பதற்காக என்று சொல்லப்பட்ட ஏற்பாடு, குற்றங்களில் சிக்கிய துப்பாக்கிகளை அதிகம் விற்ற கடைகளின் பெயரையும் சேர்த்து மறைத்துவிட்டது.

மாநிலங்களும் இதே வழியில்தான் செல்கின்றனவா?

ஒவ்வொன்றும் ஒரு வழியில் செல்கிறது. ஹவாயில் எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் விற்பனை விவரங்கள் மாநில நீதித்துறையிடம் சேர்கின்றன. ஃபுளோரிடாவில் துப்பாக்கிகளின் பட்டியலையோ உரிமையாளர்களின் பட்டியலையோ அரசு அமைப்பு ஒன்று தயாரித்தால், அதற்கு 50 லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. தனிநபர்களுக்கிடையிலான விற்பனையிலும் இதே வேறுபாடு உண்டு. ஒரே மாநிலத்தில் வசிக்கும் இருவர் தமக்குள் விற்று வாங்கினால் மத்திய சட்டம் பின்னணிச் சோதனையைக் கேட்பதில்லை; பல மாநிலங்கள் கேட்கின்றன.

பதிவேடு வந்தால் அடுத்தது பறிமுதல்தான் என்கிறார்களே?

இந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. நியூயார்க் நகரம் 1967-இல் நீள்துப்பாக்கிகளைப் பதிவு செய்யச் சொன்னது. 1991-இல் சில வகைகளைத் தடை செய்தபோது அவை யாரிடம் இருக்கின்றன என்பதை அந்தப் பதிவுகளைக் கொண்டே அறிய முடிந்தது. கலிஃபோர்னியா இன்றும் தன் விற்பனைப் பதிவுகளைப் புதிய தண்டனைத் தீர்ப்புகளோடும் தடை ஆணைகளோடும் ஒப்பிட்டு, துப்பாக்கி வைத்திருக்கும் தகுதியை இழந்தவர்களின் பட்டியலைத் தயாரித்து, அவர்கள் வீடுகளுக்கு அலுவலர்களை அனுப்புகிறது. இது பறிமுதல்தான், ஆனால் மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவரின் அலமாரியில் இருக்கும் துப்பாக்கியை எடுப்பதற்குப் பட்டியல் உதவுகிறது என்றால், அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நிகழ்வையும் பார்க்க வேண்டும். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் காவல்துறையினர் சட்டப்படி வைத்திருந்தவர்களிடமிருந்தும் துப்பாக்கிகளைப் பறித்தார்கள். அங்கே மாநிலப் பதிவேடு எதுவும் இல்லை. எதிரே வந்தவரிடமும் கதவைத் திறந்தவரிடமும் இருந்ததைப் பறித்தார்கள், அவ்வளவே. அதைத் தடுக்க 2006-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பறிமுதலைத் தடுப்பது அதிகாரத்துக்கு விதிக்கும் எல்லை. பட்டியல் இல்லாமை அந்த வேலையைச் செய்துவிடாது.

2012-இல் ஒரு நாளிதழ் உரிமம் பெற்றவர்களின் முகவரிகளை வரைபடமாக வெளியிட்டது சட்டப்படி சரியா?

அன்றைய சட்டப்படி சரி. கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் நகரப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட சில நாட்களில், நியூயார்க் மாநிலத்தின் தி ஜர்னல் நியூஸ் நாளிதழ், வெஸ்ட்செஸ்டர், ராக்லேண்ட் ஆகிய மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றிருந்தவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் இணைய வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து வெளியிட்டது. அந்த மாநிலத்தில் அவை பொது ஆவணங்களாகவே இருந்தன. கேட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும். பட்னம் மாவட்ட அலுவலர்கள் மட்டும் கொடுக்க மறுத்தார்கள்.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. ஓய்வுபெற்ற காவலர், சிறைக் காவலர், விட்டு வந்த கணவனிடமிருந்து ஒளிந்து வாழும் பெண் ஆகியோரின் வீடுகளும் அந்தப் புள்ளிகளில் இருக்கக்கூடும் என்ற வாதத்துக்கு நாளிதழால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. பதிலடியாக அதன் செய்தியாளர்களின் வீட்டு முகவரிகளைச் சிலர் இணையத்தில் போட்டார்கள். நாளிதழ் தன் அலுவலகத்துக்குத் துப்பாக்கி ஏந்திய காவலர்களை அமர்த்திக்கொண்டது. 2013 ஜனவரி 15 அன்று கையெழுத்தான மாநிலத்தின் புதிய துப்பாக்கிச் சட்டம், உரிமம் பெற்றவர் தன் விவரத்தை வெளியிட வேண்டாம் என்று கோர வழி செய்தது. நாட்டின் மிகக் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களுள் ஒன்றில் உரிமையாளருக்கான தனியுரிமைப் பிரிவும் அடங்கியிருந்தது. சில நாட்களில் வரைபடமும் எடுக்கப்பட்டது.

வெளியிட்டால் திருடர்களுக்குத்தான் உதவும் என்பது எப்போதும் உண்மையாகிவிடுவதில்லை. டென்னசியின் மெம்பிஸ் நாளிதழ் ஒன்று 2008 இறுதியில் இத்தகைய பட்டியலை வெளியிட்டதை ஆராய்ந்தவர்கள், உரிமங்கள் அதிகமிருந்த பகுதிகளில் வீடு புகுந்து திருடுவது குறைந்ததையும், குறைவாக இருந்த பகுதிகளில் கூடியதையும் கண்டார்கள். அப்படியென்றால் இழப்பு துப்பாக்கி இல்லாத வீட்டாருக்கு. எவருடைய பெயரையும் வெளியிடாமல் இருப்பதற்கு இதுவே போதிய காரணம் என்பேன். டென்னசியும் 2013-இல் அந்த விவரங்களை இரகசியமாக்கியது.

அரசிடம் இருப்பது பாதுகாப்பாக இருக்கிறதா?

இருந்திருந்தால் இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளுக்கு வேலை இருந்திருக்காது. 2022 ஜூன் 27 அன்று கலிஃபோர்னிய நீதித்துறை வெளிப்படைத்தன்மைக்காகப் புள்ளிவிவரத் தளம் ஒன்றைத் திறந்தது. மறைத்து எடுத்துச்செல்லும் உரிமத்துக்கு விண்ணப்பித்த சுமார் 1,92,000 பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைப் பார்வையாளர்கள் அதிலிருந்து பதிவிறக்க முடிந்தது. வெளியிட்டவர்களுக்குத் தீய நோக்கம் இல்லை, பயிற்சிக் குறைவும் மேற்பார்வைக் குறைவுமே காரணம் என்று பின்னர் நடந்த சுதந்திர விசாரணை சொன்னது. முகவரி வெளியான ஒரு நீதிபதிக்கு அந்த வேறுபாட்டால் பயனேதும் இல்லை.

தனியார் கையில் இருந்தாலும் இதே கதைதான். பிரிட்டனில் 2021-இல் கன்டிரேடர் என்ற துப்பாக்கி விற்பனைத் தளம் ஊடுருவப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் திருடப்பட்டன. பின்னர் அவை வரைபடத்தில் ஏற்றிப் பார்க்கத்தக்க வடிவில் இணையத்தில் உலவின.

வங்கி அட்டையில் வாங்கினால் தெரிந்துவிடுமா?

கடையின் வகை தெரியும், வாங்கிய பொருள் தெரியாது. துப்பாக்கிக் கடைகளுக்குத் தனிக் குறியீடு வழங்க 2022 செப்டம்பரில் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஒப்புக்கொண்டது. கலிஃபோர்னியா அதைக் கட்டாயமாக்கியது. ஃபுளோரிடா, டெக்சாஸ் முதலிய மாநிலங்கள் தடை செய்தன. துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டியை வாங்கினாலும் அதே குறியீடுதான் விழும் என்பதால், சந்தேகத்துக்குரிய கொள்முதலைக் கண்டுபிடிக்க இது எவ்வளவு தூரம் உதவும் என்பது விவாதத்துக்குரியது.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது வேறொன்று. துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் சிலர், உத்தரவாத அட்டைகளில் வாடிக்கையாளர்கள் நிரப்பிக் கொடுத்த விவரங்களைத் தங்கள் தொழில் சங்கத்தோடு பல ஆண்டுகள் பகிர்ந்துகொண்டதாகவும், அவை தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்பட்டதாகவும் 2024-இல் ப்ரோபப்ளிக்கா செய்தி நிறுவனம் வெளியிட்டது. அரசிடம் பட்டியல் இருக்கக் கூடாது என்று உரக்கச் சொன்ன தரப்பிலேயே பட்டியல் தயாராகியிருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் சட்டம் இதைத் தொடவே இல்லை.

வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்கலாமா?

கேட்கலாம்; பதில் சொல்வது உங்கள் விருப்பம். ஃபுளோரிடா 2011-இல் மருத்துவர்கள் கேட்பதையும் குறித்து வைப்பதையும் கட்டுப்படுத்தியது. குழந்தை எட்டும் இடத்தில் துப்பாக்கி இருக்கிறதா என்று விசாரிப்பது மருத்துவரின் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று 11-ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் அந்தத் தடைகளை நீக்கியது. துப்பாக்கி வைத்திருப்பதற்காக நோயாளியைப் பாகுபடுத்தக் கூடாது என்ற பிரிவு மட்டும் நிலைத்தது.

காவல்துறையும் உரிமம் வழங்குவோரும் எதுவரை துருவலாம்?

துப்பாக்கி இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் ஆணையின்றி வீட்டுக்குள் நுழைய முடியாது. ரோட் தீவில் மனைவியோடு ஏற்பட்ட சண்டைக்குப் பின் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட கேனிக்லியாவின் வீட்டிலிருந்து, நலன் கருதி என்று சொல்லிக் காவல்துறை கைத்துப்பாக்கிகளை எடுத்துச் சென்றது. 'நலன்' என்ற பொதுவான காரணம் வீட்டுக்குள் நுழையப் போதாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நியூயார்க் 2022-இல், உரிமம் கேட்பவர் கடந்த மூன்று ஆண்டுகளின் சமூக ஊடகக் கணக்குகளைத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. புனைபெயரில் பேசும் உரிமையை அது பறிக்கிறது என்பதால் 2-ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 டிசம்பரில் அதைத் தடுத்தது.

வேறொரு நாடு பதிவேட்டை அழித்த அனுபவம் உண்டா?

கனடாவில் உண்டு. 1995-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நீள்துப்பாக்கிப் பதிவேட்டின் செலவு 100 கோடி டாலரைத் தாண்டும் என்று 2002-இல் தணிக்கை அதிகாரி எச்சரித்தார். 2012-இல் அரசு அதை ஒழித்து, விவரங்களையும் அழிக்க முடிவு செய்தது. தன் மாநில விவரங்களையாவது கொடுங்கள் என்று கியூபெக் வழக்குத் தொடுத்து, 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தோற்றது. பின்னர் முதலிலிருந்து தொடங்கித் தனக்கெனப் பதிவேடு அமைத்து 2018 ஜனவரியில் திறந்தது. ஒரே பட்டியலை இரு முறை தயாரிக்கும் செலவு அம்மாநில மக்களின் தலையில் விழுந்தது.

பெயர் ஒற்றுமையால் எனக்குத் துப்பாக்கி மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

எஃப்.பி.ஐ.யிடம் மேல்முறையீடு செய்யலாம்; மறுப்புக்கான காரணத்தைக் கேட்டுப் பெறலாம். ஆனால் மேல்முறையீட்டில் வென்றாலும், விற்பனைக்குப் பின் உங்கள் விவரங்கள் அழிக்கப்பட்டுவிடுவதால், அடுத்த முறை வாங்கும்போது அதே குழப்பம் மறுபடியும் வரும். இதைத் தவிர்க்கத் தன்னார்வ மேல்முறையீட்டுக் கோப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. கைரேகைகளோடு விண்ணப்பித்து, என் விவரங்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். ஏற்கப்பட்டால் தனி எண் ஒன்று தருவார்கள். அதை அடுத்த 4473 படிவத்தில் அதற்குரிய கட்டத்தில் எழுதினால் போதும்.